மடியில் ஒரு கணக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் வயிற்றுப் பேரன் இயற்பியல் நோட்டோடு வந்தான். பத்தாம் வகுப்பு. முதல் பாடமே இயக்க விதிகள்.

"தாத்தா, 1,000 கிலோ கார் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்துல போகுது. உந்தம் 72,000ன்னு போட்டேன். மிஸ் தப்புன்னு அடிச்சுட்டாங்க."

முப்பத்திரண்டு வருடம் இதே தப்பைச் சிவப்பு மையால் சுழித்தவன் நான். நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம். ஆனால் வேகத்தை முதலில் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு 1,000 மீட்டர், ஒரு மணிக்கு 3,600 வினாடி. சுருக்கினால் 5/18. அதனால் பெருக்கினால் 72 என்பது 20 ஆகிவிடும். விடை 20,000 கிலோகிராம் மீட்டர்/வினாடி. அலகு எழுதாவிட்டால் அரை மார்க் போச்சு.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் மகனின் கார் வந்து நின்றது. முன் சீட்டில் மருமகள், மடியில் இரண்டு வயதுப் பேத்தி. எத்தனையோ முறை பார்த்த காட்சிதான். அன்றைக்கு என்னவோ உறுத்தியது.

எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்ததும் பேரனிடம், "இன்னொரு கணக்கு எழுதுடா. குழந்தை 12 கிலோ. கார் 54 கிலோமீட்டர் வேகம்" என்றேன்.

"வினாடிக்கு 15 மீட்டர். உந்தம் 180."

"கார் எதன் மேலயோ மோதி, பத்தில் ஒரு வினாடியில நிக்குது. குழந்தையையும் அதே நேரத்துல நிறுத்த எவ்வளவு விசை வேணும்?"

உந்த மாற்றத்தை நேரத்தால் வகுத்தான். "1,800 நியூட்டன்."

"9.8ஆல வகு. எத்தனை கிலோவைத் தூக்குற பலம்னு தெரியும்."

"கிட்டத்தட்ட 184 கிலோ தாத்தா!"

25 கிலோ அரிசி மூட்டை ஏழுக்கும் மேல். மருமகள் சிரித்தாள். "நான் கெட்டியாப் பிடிச்சுக்குவேன் மாமா."

அப்போதுதான் இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னேன்.

1988. தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் போனோம். முதல் சீட்டில் நான், மடியில் இரண்டு வயது மகன். இரண்டு கையாலும் அணைத்துத்தான் பிடித்திருந்தேன். வல்லம் தாண்டி ஓர் ஆடு குறுக்கே ஓட, டிரைவர் பிரேக்கை மிதித்தார். பஸ் வேகம் குறைந்தது; பிள்ளை வேகம் குறையவில்லை. என் கையில் அவன் சட்டை நுனிதான் மிஞ்சியது. எதிரே இருந்த கம்பியில் தாடை மோதி நாலு தையல்.

வீட்டில் டிரைவர் மீதுதான் பழியைப் போட்டேன். அவர் ஆட்டைக் காப்பாற்றினார், அவ்வளவுதான். வெளியிலிருந்து ஒரு விசை வந்து தடுக்கும்வரை ஓடும் பொருள் ஓடிக்கொண்டே இருக்கும் என்று நியூட்டன் 1687லேயே எழுதிவிட்டார். அதைக் கரும்பலகையில் வருடா வருடம் எழுதியவன் நான். லாரிக்கும் சைக்கிளுக்கும் உந்தம் கண்டுபிடித்தேன். மடியில் இருந்த பிள்ளைக்கு ஒரு நாளும் போட்டுப் பார்க்கவில்லை. அன்று வெறும் பிரேக். மோதலாக இருந்திருந்தால்?

மகன் ஒன்றும் பேசவில்லை. தாடிக்குள் இருக்கும் அந்தத் தழும்பை விரலால் தடவிக்கொண்டான். மருமகள் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அடுத்த முறை அவர்கள் வந்தபோது பின் சீட்டில் குழந்தைக்கென்று தனி இருக்கை பொருத்தியிருந்தார்கள். பெல்ட்டுக்குள் பேத்தி முகம் சிவக்க அழுதுகொண்டிருந்தாள்.

"வழியெல்லாம் அழுகை மாமா."

"அழட்டும்மா" என்றேன்.

பேரன் அந்த மடிக் கணக்கையும் நோட்டில் எழுதி மிஸ்ஸிடம் காட்டினானாம். ரைட் போட்டிருந்தார்கள். நானும் வாங்கிப் பார்த்தேன். அலகு எழுதியிருந்தான்.