டிரைவரை யாரும் கேட்கவில்லை

2012இல் திருப்பூரில் இருந்தவர்களுக்கு அந்த ஜெனரேட்டர் சத்தம் மறந்திருக்காது. சென்னைக்கு வெளியே பல நாட்கள் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. பனியன் கம்பெனிகள் டீசலில்தான் ஓடின. அந்த டீசலால் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு வில்லங்கத்தைச் சொல்கிறேன்.

அப்பா அப்போது ஒரு காம்பாக்டிங் யூனிட்டில் டிரைவர். வண்டி 2007 மாடல் டாடா ஏஸ். நம் ஊரில் குட்டி யானை என்றால்தான் தெரியும். 702 சிசி, இரண்டே சிலிண்டர் உள்ள டீசல் இன்ஜின். திருப்பூருக்கு அந்த வண்டி இல்லாமல் முடியாது. ஒரு பனியன் இங்கே ஒரே இடத்தில் உருவாவதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல் எல்லாம் வேறு வேறு தெருக்களில். துணி ரோல்களை ஏற்றிக்கொண்டு இவற்றுக்கு நடுவே ஓடும் வண்டி நின்றால் அடுத்த இடத்தில் மெஷின் நிற்கும். யாரால் நின்றது என்று உடனே தேடுவார்கள். ஸ்டியரிங் பிடித்தவன்தான் முதலில் கையில் கிடைப்பான்.

வண்டி உதற ஆரம்பித்தது. ஐடிலில் நிற்கும்போது கேபினே ஆடும். காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை. லோடு ஏற்றினால் பாலம் ஏற மறுக்கும். கம்பெனி வழக்கமாக விடும் பெரிய ஒர்க்‌ஷாப்பில் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "போர் தேய்ஞ்சிருச்சு, இன்ஜினை இறக்கணும், 25,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள்.

முதலாளி அப்பாவை விட பதினைந்து வயது இளையவர். "உங்காளுகளுக்கு இன்ஜினப் பத்தி என்னடா தெரியும்? மிதிச்சு மிதிச்சே கொன்னுட்ட" என்றார். சனிக்கிழமைச் சம்பளத்தில் வாரம் 500 ரூபாய் பிடிப்பதாக முடிவு. ஐம்பது வாரம். அப்பா "சரிங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மேடை ஏறிப் பேசத் தொடங்கியிருந்த காலம். அன்று ராத்திரி அப்பாவிடம் நான் கேட்ட கேள்வி இது: "ஏப்பா, கியரை ஒழுங்காப் போட்டு ஓட்டறதில்லையா?" அவர் பதில் சொல்லாமல் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். முதலாளி சொன்னதைத்தான் நானும் வேறு வார்த்தையில் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நல்லூர் பக்கம் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனோம். தகரக் கொட்டகைதான் பட்டறை. அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. அப்பாவை உட்காரவைத்து, டீ சொல்லிவிட்டுக் கேட்டார்: "ஏனுங்கண்ணா, எப்பயிருந்து இப்படி? குளிர்ல அதிகமா, சூடானப்புறம் அதிகமா? வெறும் வண்டிலயும் உதறுதா? கடைசியா என்ன மாத்துனீங்க? டீசல் எங்க போடறீங்க?"

அப்பா சொன்னார். உதறல் வந்து பத்து நாள். சூடானால் கொஞ்சம் குறையும், ஆனால் போகாது. டீசல் ஃபில்டர் மாற்றச் சொல்லி இரண்டு முறை கேட்டும் கம்பெனியில் மாற்றவில்லை. இரண்டு மாதமாக பங்க்குக்குப் போவதில்லை. ஜெனரேட்டருக்கு வாங்கி வைத்த டிரம்மிலிருந்துதான் வண்டிக்கும் ஊற்றுகிறார்கள். டிரம் வெட்டவெளியில், மழையில் கிடக்கிறது. கேட்டவுடன் இவ்வளவும் வந்தது. அதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

பிறகுதான் சீட்டைத் தூக்கினார்கள். முதலில் ஏர் ஃபில்டர். பஞ்சுத் தூசி அடைத்திருந்தது. அடைத்தால் கரும்புகை வரும், இழுவை குறையும். ஆனால் நம் வண்டியின் புகை வெள்ளை, அதில் எரியாத டீசல் வாடை. எனவே ஃபில்டரைத் தட்டிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். போர் தேய்ந்திருந்தால் அந்த வழியாகப் புகை குபுகுபுவென்று தள்ளும், சைலன்சரில் நீலப்புகை வரும். இரண்டும் இல்லை. 25,000 ரூபாய் வேலைக்குச் சொன்ன காரணம் அங்கேயே ஆட்டம் கண்டது.

அடுத்து இன்ஜெக்டருக்கு டீசல் போகும் பைப் நட்டைத் துணி சுற்றி ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். ஒரு சிலிண்டரில் தளர்த்தியதும் இன்ஜின் அணையப் பார்த்தது. அப்படியானால் அது வேலை செய்துகொண்டிருந்த சிலிண்டர். நட்டை இறுக்கிவிட்டு மற்றதைத் தளர்த்தினார். சத்தத்தில் மாற்றமே இல்லை. நொண்டுவது அதுதான். (இதைப் பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் மட்டுமே செய்யலாம். இப்போதைய காமன் ரயில் வண்டிகளில் பைப்பைத் தளர்த்தவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.)

சிலிண்டரே கெட்டதா, இன்ஜெக்டர் கெட்டதா என்பது அடுத்த கேள்வி. இரண்டு இன்ஜெக்டரையும் கழற்றி, செம்பு வாஷரைப் புதிதாகப் போட்டு, இடம் மாற்றி மாட்டினார். மறுபடி நட்டைத் தளர்த்திப் பார்த்தால், நொண்டல் பக்கத்து சிலிண்டருக்குப் போயிருந்தது. அப்படியென்றால் குறை இன்ஜினில் இல்லை, இன்ஜெக்டரில். பம்ப் கடையில் டெஸ்டரில் வைத்தபோது பனி மாதிரித் தூவ வேண்டிய நாசில், குழாய் ஒழுகுவது போலச் சொட்டியது. டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தார். சிறிது நேரத்தில் டீசல் மேலேயும் தண்ணீரும் துருவும் கீழேயும் தனித்தனியாகத் தெரிந்தன.

நாசில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய்.

திங்கட்கிழமை அப்பா பாட்டில், பழைய நாசில், பில் மூன்றையும் முதலாளி மேஜையில் வைத்தார். ஃபில்டர் கேட்ட இரண்டு தேதிகளும் அவருடைய டிரிப் நோட்டில் இருந்தன. முதலாளி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அந்த வாரம் சம்பளத்தில் பிடித்தம் இல்லை. டிரம் கூரைக்குக் கீழே போனது. மன்னிப்பு என்ற பேச்சு வரவில்லை. 'டா' போவதற்கும் அந்தப் பாட்டில் போதவில்லை.

எங்களுக்கு அன்று தெரியாத ஒன்றும் உண்டு. அப்போது அமலில் இருந்த 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்திலேயே, பொருள் சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், அந்தச் சேதம் தொழிலாளியின் கவனக்குறைவால் வந்திருக்க வேண்டும்; பிடிப்பதற்கு முன் அவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று இருந்தது. 2019இன் ஊதியத் தொகுப்புச் சட்டமும் அந்த வாய்ப்பைத் தரச் சொல்கிறது. அதாவது அந்த மெக்கானிக் முதலில் செய்ததைத்தான் சட்டமும் கேட்கிறது.

உண்மை அறியும் குழு என்று நாம் கிளம்பிப் போகிறோம். போவதற்கு முன்பே காரணத்தை முடிவு செய்துவிட்டுப் போகும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது தோழர்களே. என்னிடம் இருந்தது. பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து எப்போதிருந்து, எப்படி, அதற்கு முன் என்ன நடந்தது என்று கேளுங்கள். தேதியை எழுதுங்கள். ஒரு காரணம் பொய்த்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததைச் சோதியுங்கள். கையில் கிடைத்த தடயத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது அப்பா வண்டியை ஐடிலில் நிறுத்தி, டேஷ்போர்டில் ஒரு டீ டம்ளரை வைத்துக் காட்டினார். டீ தளும்பவில்லை. "கியர் ஒழுங்காத்தான் போடறேன்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினேன். மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் நான்கு வருடம் ஆனது.