சூப்பர்னு மட்டும் சொல்லாதலே!

ஒருத்தன் பாட்டுப் பாடி முடித்ததும் நம்ம ஊரில் அவனுக்குக் கிடைக்கும் விமர்சனம் மொத்தம் மூன்றே வகைதான். ஒன்று "சூப்பர்". இரண்டு "செம". மூன்றாவது, எதுவுமே சொல்லாமல் "வா, டீ குடிச்சிட்டு வருவோம்" என்பது. இந்த மூன்றாவதுதான் உண்மையான விமர்சனம் என்று பாடினவனுக்கும் தெரியும், டீக்கு கூப்பிட்டவனுக்கும் தெரியும். ஆனால் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். டீ மட்டும் நன்றாக இருக்கும் :-)

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஒரு மொட்டை மாடி. அங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடும் நாலு பேர் இந்த மூன்றையும் தடை செய்துவிட்டார்கள். பாடுகிறவன் பி.காம் மூன்றாம் வருஷம், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். கிட்டார்காரன் ஹார்பர் குவார்ட்டர்ஸ் பையன், எல்.கே.ஜி.யிலிருந்தே இங்கிலீஷ் மீடியம். கீபோர்டு, பாடுகிறவனின் சித்தப்பா மகள். நாலாவது ஆள் தாளம். அவனிடம் டிரம்ஸ் கிடையாது, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளிதான். வாளி என்றால் அவனுக்குக் கோபம் வரும், ஆகவே டிரம்மர்.

எடுத்துக்கொண்ட பாட்டு ஈகிள்ஸ் குழுவின் "ஹோட்டல் கலிபோர்னியா". இந்தியாவில் கிட்டார் வாங்கியவன் எவனாக இருந்தாலும் முதல் வருஷத்திலேயே இந்தப் பாட்டில் வந்து விழுவான், அது ஒரு சம்பிரதாயம். 1976 டிசம்பரில் வந்த ஆல்பம். பாட்டு ஆறரை நிமிஷம் ஓடும், அதில் கடைசி இரண்டு நிமிஷமும் வெறும் கிட்டார்தான். கேட்க சுலபமாகத் தெரியும். பாடிப் பார்த்தால்தான் தெரியும்.

முதல் வாரம் ஒரு செங்கல்லில் போனைச் சாய்த்து வைத்து ரெக்கார்ட் செய்தார்கள். போட்டுக் கேட்டதும் பாடினவன் முகம் செத்துப் போனது. "இது என் குரலே இல்லலே" என்றான். எல்லோரும் சொல்வதுதான் இது. நம் குரலை நாம் கேட்கும்போது காற்று வழியாக மட்டும் கேட்பதில்லை, மண்டை எலும்பின் அதிர்வு வழியாகவும் கேட்கிறோம். எலும்பு வழியாக வருவது அடிக்குரலைத் தூக்கிக் கொடுக்கிறது. அதனால் நமக்கு நம் குரல் கனமாக, கம்பீரமாக இருக்கும். ரெக்கார்டில் அந்த எலும்புச் சத்தம் இல்லை. மற்றவர்கள் தினமும் கேட்டுக்கொண்டிருப்பது அந்த மெலிந்த குரலைத்தான். ஆக, பாடுகிறவனுக்குத் தன் பாட்டு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேறொருத்தர் காது கட்டாயம் வேண்டும். தன் கணக்கைத் தானே ஆடிட் பண்ண முடியாது என்று பி.காம் முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்களே, அதே கதை.

விதிகளைப் போட்டது கீபோர்டு. அவள் போட்டது என்பதைவிட கோவில் பாடகர் குழுவிலிருந்து எடுத்து வந்தது என்று சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு ஜூலையிலேயே பயிற்சி தொடங்கிவிடும் வீட்டுப் பிள்ளைகள் இவர்கள். பாடகர் குழுவில் திருத்தம் சொல்வதை யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. காரணம் லேசானது. அங்கே "நீ தப்பாப் பாடுற" என்று வராது. "டெனர், ரெண்டாவது வரி கடைசியில இறங்குது" என்றுதான் வரும். தப்பு டெனருக்குச் சொந்தம், அந்தோணிக்கோ மிக்கேலுக்கோ சொந்தமில்லை. பத்து டெனரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சரி செய்துகொள்வார்கள். தனியாகப் பாடும்போது ஒளிந்துகொள்ள அந்த டெனர் வரிசை இல்லை, அதுதான் சிக்கல்.

அதனால் விதி இது: எந்த இடம் என்று சொல்ல வேண்டும், அங்கே என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும், முடிந்தால் என்ன செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும். மொட்டையாக "ஃபீல் இல்ல" என்று சொல்கிறவன் எல்லோருக்கும் புரோட்டா வாங்கித் தர வேண்டும். (டிரம்மர் இந்த விதிக்குப் பயந்தே இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. அவன் பங்குக்கு "சூப்பர்" என்பதை மட்டும் ரகசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.)

மூன்றாவது வாரம் கிட்டார்காரன் விதியை மீறினான். பாட்டின் தலைப்பு வரும் இடம், "கலிபோர்னியா" என்ற சொல். "என்னலே, டீக்கடை போர்டை எழுத்துக் கூட்டி வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பாடினவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டேதான் மாடிப்படி இறங்கினான்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. தொண்டை சரியில்லை என்றான். அந்த வாரம் கல்லூரியில் அவன் எடுக்க வேண்டிய செமினார் ஒன்று இருந்தது, நடைமுறை மூலதனம் பற்றி. அதற்கும் தொண்டை சரியில்லை. தமிழ் மீடியத்திலிருந்து வந்து இங்கிலீஷில் பரீட்சை எழுதுகிற பையன்களுக்கு இது புரியும். அவர்களுக்கு இங்கிலீஷ் பாட்டு என்பது ஒரு மறைவிடம். பேசினால் கிராமர் போகும், பாடினால் போகாது, ஏனென்றால் வரிகளை வேறு யாரோ ஏற்கனவே சரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மறைவிடத்துக்குள்ளேயும் ஒருத்தன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டால் அப்புறம் எங்கே போவது?

இதில் கிட்டார்காரன் சொன்னது பொய்யும் இல்லை, அதுதான் கொடுமை. அந்தச் சொல் நிஜமாகவே உறுத்தியது. ஆனால் என்ன கோளாறு என்று கீபோர்டுதான் பிறகு போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தாள். தமிழில் குறில் என்றால் ஒரு மாத்திரை, நெடில் என்றால் இரண்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய பங்கைக் கொடுத்துவிடுவோம். இங்கிலீஷில் ஒரு அசையில் மொத்த எடையையும் சாய்த்துவிட்டு மற்றதை விழுங்கிவிடுகிறார்கள். இந்தப் பாட்டின் மெட்டும் அந்தச் சாய்வை வைத்துத்தான் போடப்பட்டிருக்கிறது. அவள் அவன் வீட்டுக்கே போய்ச் சொன்னாள். "அண்ணே, உச்சரிப்புல ஒண்ணுமில்ல. நாலு அசையும் ஒரே எடையில நிக்குது. 'ஃபோர்'ல மட்டும் சாஞ்சு நின்னுட்டு மீதியை லேசா விடு, அதுவா தாளத்துல போய் உக்காந்துரும்." அவன் திண்ணையிலேயே உட்கார்ந்து நாலு தடவை சொல்லிப் பார்த்தான். உட்கார்ந்தது.

ஒரே தப்புதான், அதைச் சொன்ன விதம்தான் இரண்டு. கிட்டார்காரன் சொன்னது பையனைப் பற்றி. அவள் சொன்னது அந்தச் சொல்லைப் பற்றி.

கிட்டார்காரன் மறுநாள் கால் கிலோ மக்ரூனோடு வந்தான். மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை, முந்திரியும் முட்டை வெள்ளையுமாகத்தான் வந்தது. வாங்கிக்கொண்டார்கள்.

(இந்த இடத்தில் ஆர்னல் பினேடாவைச் சொல்லாமல் போகக் கூடாது. பிலிப்பைன்ஸ்காரர். சிறு வயதில் தாயை இழந்து மணிலாவில் பூங்காவில் படுத்துக் கிடந்தவர். ஜர்னி என்ற அமெரிக்க ராக் குழுவின் பாட்டுகளை மணிலாவில் கவர் பாடிக்கொண்டிருந்தார். 2007-ல் அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் நீல் ஷோன் யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு, இவரையே குழுவின் பாடகராகக் கூப்பிட்டுக்கொண்டார். யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் பினேடா முதலில் நினைத்தாராம். விசா வாங்கப் போன இடத்தில் அதிகாரிக்கும் சந்தேகம், எங்கே ஒரு பாட்டுப் பாடு என்றாராம். பாடினார், விசா கிடைத்தது. இதைவிடக் கறாரான விமர்சகர் யாருக்கும் வாய்க்க மாட்டார்.)

அடுத்த சண்டை சுருதியில். பாட்டு பி மைனர். கோரஸ் வரும்போதெல்லாம் இவன் கழுத்து நரம்பு புடைத்தது. மூன்று தடவை பாடினால் இரவு பேச்சு வராது. இறக்கிப் பாடச் சொன்னால் மாட்டேன் என்றான். "ஒரிஜினல் சுருதியில பாடுனாத்தாம்ல அது பாட்டு. இறக்குனா தோத்த மாதிரி." இந்த வீம்பு பாடுகிற பையன்கள் எல்லோருக்கும் உண்டு. மெஷினுக்கு தேய்மானம் எழுதி, பத்து வருஷம் கழித்துப் புதுசு வாங்கலாம். தொண்டைக்கு அப்படி எழுத முடியாது என்பது ஏனோ வணிகவியல் படிக்கிறவனுக்கே உறைக்கவில்லை.

அவனை வழிக்குக் கொண்டுவந்தது அந்தப் பாட்டின் கதையேதான். மெட்டைக் கொண்டுவந்த டான் ஃபெல்டர் முதலில் அதை வைத்திருந்தது இ மைனரில். டான் ஹென்லி பாடிப் பார்த்தபோது அவர் குரலுக்கு அந்த சுருதி ஒத்து வரவில்லை. இறக்கி இறக்கி பி மைனருக்குக் கொண்டுவந்தார்கள். பல மாதங்களில் மூன்று தடவை ரெக்கார்ட் செய்திருக்கிறார்கள். உலகமே "ஒரிஜினல்" என்று கும்பிடுகிற சுருதி, ஒரு பாடகரின் தொண்டைக்காக இறக்கிய சுருதி!

இன்னொன்றும் உண்டு, ஃபெல்டரே சொன்னது. கடைசி ரெக்கார்டிங் மயாமியில். கிட்டார் பகுதியை அவரும் ஜோ வால்ஷும் புதிதாக வாசிக்க ஆரம்பித்ததும் ஹென்லி நிறுத்திவிட்டார். டெமோ கேசட்டில் இருந்த மாதிரியே வேண்டும் என்று ஒரே பிடி. கேசட்டோ கலிபோர்னியாவில் ஃபெல்டர் வீட்டில். வீட்டு வேலை பார்ப்பவருக்கு போன் போட்டு, கேசட்டை ஓடவிட்டு ரிசீவரைப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, மயாமியில் இருந்து கேட்டு எழுதிக்கொண்டார்களாம். அந்தக் கிட்டார் பகுதிதான் இன்று ஊர் ஊராகப் பையன்கள் விரல் தேய வாசிப்பது.

இதைக் கேட்டபின் பாடுகிறவன் ஒன்றும் பேசவில்லை. கிட்டார்காரனும் பேசாமல் கேப்போவை ஏழாவது கட்டத்திலிருந்து ஐந்தாவதுக்கு நகர்த்தினான். அவ்வளவுதான் வேலை, விரல் அமைப்பு அதே, பாட்டு ஏ மைனருக்கு வந்துவிட்டது. நம்மூர்க் கணக்கில் ஏழு கட்டையிலிருந்து ஆறு கட்டை. கோரஸில் கழுத்து நரம்பு அதன் இடத்திலேயே இருந்தது.

மிகச் சிறந்த விமர்சனம் இந்த நாலு பேரிடமிருந்தும் வரவில்லை. பாடுகிறவனின் தாய்மாமன் சங்கு குளிக்கிறவர். மாடியில் காயப்போட்ட கருவாட்டைத் திருப்பிப் போட வந்தவர் ரெக்கார்டை முழுசாகக் கேட்டார். இங்கிலீஷ் தெரியாது. முடிந்ததும் கேட்டார்:

"எல்லாம் நல்லாத்தாம் இருக்கு மருமவனே. ஒவ்வொரு வரிக்கும் முன்னால உஸ்ஸு உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதே, அதுவும் அந்தப் பாட்டுல உள்ளதுதானா?"

நாலு பேரும் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். ஆமாம். இத்தனை வாரமாக ஒருத்தர் காதிலும் விழவில்லை. மூச்சு வாங்கும் சத்தம்.

"கடல்ல எறங்கப் போறவன் இப்படி அவசரமா இழுத்தா நெஞ்சு அடச்சிக்கிடும். மெதுவா விட்டுட்டு மெதுவா எடுக்கணும். நீ விடாம இழுக்குதே" என்றார். அவருடைய அப்பா முத்துக் குளித்தவர். தூத்துக்குடியில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை, அதுதான் கடைசி. கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி அள்ளிவிட்டு கயிற்றை ஆட்டினால் மேலே தோணியில் இருப்பவர் இழுப்பார். இப்போது சங்கு குளிக்க கம்ப்ரெசர் டியூப் வந்துவிட்டது, இந்த மூச்சு வித்தை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்று மாமா சலித்துக்கொண்டார். அப்புறம் கருவாட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அன்றைக்கே வரிகளை எழுதிய தாளில் மூச்சு எடுக்கும் இடங்களுக்கு சிவப்புப் பேனாவால் கோடு போட்டார்கள். சொல்லின் நடுவில் கூடாது, வரி முடிந்ததும் மிச்சத்தை விட்டுவிட்டு அப்புறம் எடு. இரண்டு வாரத்தில் உஸ் சத்தம் பாதியாகக் குறைந்தது. முழுசாகப் போகவில்லை.

போன ஞாயிறு மறுபடியும் செங்கல், மறுபடியும் போன். பாடி முடித்தார்கள். போட்டுக் கேட்டார்கள். யாரும் எதிர்பார்க்கவில்லை, டிரம்மர் தொண்டையைக் கனைத்தான்.

"கடைசிக் கோரஸ். ரெண்டாவது வரி. அங்க நீ என்னைய முந்துத."

இரண்டு மாதத்தில் அவன் சொன்ன முதல் விமர்சனம். இடம் சொன்னான், என்ன நடக்கிறது என்றும் சொன்னான், விதிப்படி புரோட்டாவுக்கு வழியில்லை. பாடுகிறவன் விடவில்லை. "நீதாம்ல இழுத்துட்டு ஓடுத." கீபோர்டு போனில் மெட்ரோனோமைத் தட்டிவிட்டு அந்த இடத்தை ஓடவிட்டாள். பாட்டு சரியாகத்தான் இருந்தது. வாளிதான் முந்தியிருந்தது.