ஜன்னலுக்கு மேல் தண்ணீர்

மாடிவீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதி, திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வந்தாள். அந்த டிசம்பரில் அவளுக்கு ஐந்து வயது. 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரும் அடையாற்றில் சேர, ஆற்றோரத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின.

'வாட்டர் வாஸ் ஆன் தி விண்டோ' என்று எழுதியிருந்தாள். 'மேல்' என்றால் 'ஆன்' என்று படித்த பழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் பாடம் நடத்தினேன். சிவப்பு மையால் அடிக்க மனம் வரவில்லை.

"தமிழ்ல சொல்லும்மா."

"ஜன்னலுக்கு மேல தண்ணி நின்னுச்சு தாத்தா."

"ஜன்னல் மேலன்னு ஏன் சொல்லல?"

யோசித்தாள். "அப்படிச் சொன்னா, ஜன்னல் மேல துணி கிடக்கிற மாதிரி இருக்கு."

அந்த ஒரு 'க்கு' போதும். போர்வை கட்டில் மேல் கிடக்கிறது. மின்விசிறி கட்டிலுக்கு மேலே சுற்றுகிறது. தொட்டுக் கிடந்தால் 'ஆன்'. அந்த மட்டத்துக்கு உயரே என்றால் 'அபவ்'. வீட்டில் தண்ணீர் நின்றால் 'இன்', வீட்டுக்குள் புகுந்தால் 'இன்டூ'. அங்கேயும் ஒரு 'க்கு'.

அடுத்த வரியில் காம்பவுண்டு சுவர் வந்தது. தண்ணீர் அதற்கு உயரே நின்றதா, அதைத் தாண்டி வந்ததா என்று கேட்டேன். "தாண்டித்தான் வந்துச்சு" என்றாள். அப்படியானால் 'ஓவர்'. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் குறுக்கே பாலமாகப் போகிறதே, அந்தப் பாலத்துக்கும் இதே சொல்தான். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதை நாம் 'தாண்டு', 'கட' என்று வினைச்சொல்லில் வைத்திருக்கிறோம். ஆங்கிலம் அதைச் சின்னச் சொல்லிடம் கொடுத்திருக்கிறது.

பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடுகள் புதிதல்ல. பேசப் பழகிய நாளிலிருந்து நாக்கில் இருப்பவை. 'மேல் என்றால் ஆன்' என்று அட்டவணை போட்டு மறக்கவைத்தவர்கள் நாங்கள்தான்.

கடைசிப் பத்தியில் படகு வந்தது. 'டு' என்று எழுதி, அடித்து, 'டுவர்ட்ஸ்' என்று மாற்றி, அதையும் அடித்திருந்தாள்.

"எது தாத்தா சரி?"

"படகு உங்ககிட்ட வந்து சேர்ந்துச்சா?"

"ரெண்டு படகு வந்துச்சு. மொதல் படகு எங்க பக்கமா வந்துச்சு. அதுல ஆளுங்க நெறைய. அப்படியே போயிடுச்சு. அம்மா கைய காட்டிக்கிட்டே நின்னாங்க. சாயங்காலம் இன்னொன்னு வந்துதான் எங்கள ஏத்திக்கிச்சு."

பேனாவை அவளிடமே கொடுத்தேன். முதல் படகுக்கு 'டுவர்ட்ஸ்' என்று எழுதினாள். கொஞ்ச நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டாவது படகுக்கு 'டு' போட்டாள்.