லொறிமேல் லொறி

நாமக்கல்லில் பிறந்தவனுக்கு லாரியைப் பற்றி வேறு ஊர்க்காரன் எதுவும் சொல்லித் தரத் தேவையில்லை என்ற திமிர், எந்த நாட்டுக்குப் போனாலும் பெட்டியோடு சேர்ந்து வந்துவிடும். பாடி கட்டும் பட்டறைகளின் சத்தத்தில் பாடம் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஜாம்ஷெட்பூரிலிருந்தும் லக்னோவிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வெறும் சேஸிஸாகவே ஓடி வந்து சேரும் வண்டிகள். ஓட்டி வருகிறவருக்குக் கேபின் கிடையாது. பலகையை வைத்துக் கட்டிய இருக்கை, முகத்தைச் சுற்றி ஈரத்துண்டு, தூசிக்கு ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். நான்கைந்து மாநிலத்து வெயிலையும் மழையையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு வந்து இறங்குகிற அந்த மனிதர்களை, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். இப்போது நிலைமை வேறு. புதிதாகத் தயாராகும் லாரிகளுக்குக் குளிர்சாதனக் கேபினே கட்டாயம்.

ஆகவே ஒரு லாரியை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அனுப்புவது என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சாவியைக் கொடு, டீசல் காசைக் கொடு, ஓட்டி வரச் சொல். லாரியை இன்னொரு லாரிமேல் தூக்கி வைத்துக் கொண்டுபோவது விபத்தில் நசுங்கியதற்குச் செய்கிற காரியம்.

அளவெட்டிக்கு நான் போனது லாரி பார்க்க அல்ல. தவில் மேதை தெட்சணாமூர்த்தியும் நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனும் வாழ்ந்த ஊர். கவிஞர் மஹாகவியின் ஊரும் அதுதான். கும்பிளாவளைப் பிள்ளையார் கோயிலில் யாராவது வாசிப்பார்கள், உட்கார்ந்து கேட்கலாம் என்று சொல்லித்தான் நண்பர் கூட்டிப் போனார். செம்மண், வெங்காயப் பாத்தி, புகையிலை, வேலியெங்கும் கிளுவையும் பூவரசும். மண்ணின் நிறத்தை மட்டும் பார்த்தால் ராசிபுரம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நிற்கிறோமா என்று தோன்றும். ஆனால் இவ்வளவு அமைதியாக ஒரு விவசாய ஊர் எங்கள் பக்கம் இருக்காது. அந்த அமைதியை உடைத்துக்கொண்டுதான் ஒரு காலை ஒழுங்கைக்குள் வண்டிகளை ஏற்றிச் செல்லும் ஒரு லோ பெட் லொறி பின்பக்கமாக நுழைந்தது. பின்னாலேயே சண்டைச் சத்தமும் வந்தது.

நண்பரின் ஒன்றுவிட்ட பெரியப்பா வீட்டு முற்றம். அங்கே நின்றது ஒரு பெட்ஃபோட் லொறி. அறுபதுகளின் வார்ப்பு, மூக்கு நீண்டது, பொனெற் பச்சை, கதவு வேறொரு பச்சை. மரப் பலகைப் பெட்டி. அதன் முன் மட்கார்டில் கையை ஊன்றிக்கொண்டு, எண்பதை நெருங்கும் அந்தப் பெரியப்பா, சாரத்தை மடித்துக் கட்டி, உரத்த சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார். எதிரில் நின்ற லோ பெட் சாரதி குருநாகல் பக்கத்துச் சிங்களவர். அவர் பதில் சொன்னதெல்லாம் தமிழில். தம்புள்ளை சந்தையிலிருந்து சுன்னாகத்துக்கு மரக்கறி ஏற்றி இறக்கிப் பழகிய தமிழ். கிழவருடையது 70களில் கொழும்புப் புறக்கோட்டையில் வெங்காயமும் புகையிலையும் இறக்கிப் பழகிய சிங்களம். யாழ்ப்பாணத்தில் இரு தரப்பும் சண்டை போட்டால் அது எந்த மொழியில் நடக்கும் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. அது இப்படித் திருப்பிப் போட்ட கணக்காக இருக்கவில்லை.

"ஐயா, கோவிக்க வேணாம். பிரேக் சரியில்ல. ரோட்டுல பொலிஸ் பிடிச்சா நான்தான் கோட்டுக்குப் போறது."

கிழவர் பதிலுக்குச் சொன்னதை நண்பர் எனக்குக் காதில் சொன்னார்: "இந்த லொறி கண்டி வீதியிலை ஓடேக்கை உன்ரை கொப்பர் பொறந்திருக்கமாட்டார் எண்டு சொல்லுறார்."

விஷயம் இதுதான். தெற்கில் ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர் பெட்ஃபோட்டை வாங்கிவிட்டார். ஓட்டல் வாசலில் நிறுத்தி, விளக்குப் போட்டு, வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ள வைப்பது திட்டம். கட்டி இழுத்துப் போகத்தான் முதலில் நினைத்திருக்கிறார்கள். இன்ஜின் ஓடாமல் பின்சக்கரம் மட்டும் சுற்றினால் கியர்பெட்டிக்குள் எண்ணெய் ஏறாது, பற்கள் காய்ந்து பிடித்துக்கொள்ளும், புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றினால்தான் இழுக்கலாம். நானூறு கிலோமீட்டர் அந்த வேலை வேண்டாம் என்று லோ பெட்டை அனுப்பிவிட்டார். கிழவரோ, என் வண்டி தன் காலில் நடந்துதான் இந்த ஊரைவிட்டுப் போக வேண்டும் என்கிறார். வாகன வரிப்பத்திரம் எடுத்து எத்தனையோ காலமாகிறது. அதைச் சொன்னால், "அளவெட்டிப் பொலிசுக்கு என்ரை லொறியைத் தெரியாதோ?" என்று கேட்கிறார்.

என் அனுதாபம் முழுக்க அப்போது சாரதியின் பக்கம்தான். கிழவருக்குப் பிடிவாதம், பழைய பொருளின்மேல் பாசம், வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

பிளேன்ரீ வந்ததும் சண்டை தானாக நின்றது. சாரதி, அவருடைய உதவியாள், கிழவர், நாங்கள் எல்லோரும் மாமரத்தடியில். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டே கிழவர் என்னைக் கேட்டார், "தம்பி எந்த ஊர்?" நாமக்கல் என்றேன். இந்தியாவில் லாரி எந்த மாநிலத்துக்கும் போகலாமா என்றார். நேஷனல் பர்மிட் இருந்தால் போகலாம் என்றேன். வேறு மாநிலத்தில் வண்டியை விற்றால், 12 மாதத்துக்கு மேல் அங்கே ஓடினால், பழைய மாநிலத்திலிருந்து தடையில்லாச் சான்று வாங்கிப் புது எண் போட வேண்டும், அதற்கு அலையும் அலைச்சல் இருக்கிறதே என்று என் துக்கத்தை விரித்தேன். இவர்களுக்கும் மாகாண எழுத்து எண் பலகையில் இருந்த காலத்தில் அதே பாடுதான். கிழவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"உந்தப் பலகையைப் பாரும்."

எண் பலகையின் நடுவில் சிங்கள ஸ்ரீ. 1957இல் வாகனங்களுக்கு அந்த எழுத்தைக் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டு அதே எழுத்தோடு அரசு பஸ்கள் வடக்கே வந்தபோது தமிழர்கள் அதன்மேல் தார் பூசினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மேல் தார் விழுந்தது. அரசுக்கும் தமிழர் தரப்புக்கும் இடையே இருந்த பண்டா–செல்வா ஒப்பந்தம் அந்த ஏப்ரலிலேயே கிழிந்து போனது. "பேந்து எல்லாரும் அந்த எழுத்தோடைதான் ஓடினம். இப்ப ஓட்டல் முதலாளிக்கு லொறியை விட உந்தப் பலகையிலைதான் ஆசை. அதைக் கழட்டாமல் கொண்டு வரச் சொல்லிப் போட்டார்." சாரதி சிரித்தார். ஆமாம் என்று தலையாட்டினார்.

அதன் பிறகு வந்தது 1995இன் கதை. நான் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் யுத்தக் கதை கேட்கப் போவதில்லை என்ற ஒரு வைராக்கியமே எனக்கு இருந்தது. எல்லோரும் அதைத்தான் கேட்டு எழுதுகிறார்கள். ஆனால் இது இன்ஜின் கதையாக ஆரம்பித்துவிட்டது, நாமக்கல்காரன் எப்படி எழுந்து போவது?

பொருளாதாரத் தடைக் காலத்தில் டீசல் இல்லை. கார்களெல்லாம் ஒரு சொட்டு பெட்ரோலில் உயிர் கொடுத்து மண்ணெண்ணெயில் ஓடின. இவருடையது டீசல் இன்ஜின். மண்ணெண்ணெயில் வழுவழுப்பு இல்லை, பம்பு தேய்ந்துபோகும், அதனால் கொஞ்சம் எண்ணெய் கலந்து ஊற்றி ஓட்டியிருக்கிறார். ஜூலை 9ஆம் தேதி இராணுவம் 'முன்னேறிப் பாய்தல்' நடவடிக்கையைத் தொடங்கி அளவெட்டிப் பக்கம் வந்தபோது குடும்பத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு தெற்கே ஓடினார். சில நாளில் இராணுவம் பின்வாங்கியது, திரும்பி வந்தார். அடுத்த முறை திரும்ப முடியாது என்று அவருக்குப் பட்டுவிட்டது. முழு லொறியைக் கடல்நீரேரி தாண்டிக் கொண்டுபோக வழியில்லை. ஆனையிறவு இராணுவத்தின் கையில். கிளாலியில் இரவில் ஓடும் வள்ளங்கள்தான் வன்னிக்குப் பாதை.

"மூண்டு பனைமரத் துலாவை நட்டு, செயின் புளொக் போட்டு இன்ஜினைத் தூக்கினம். உழவு மெசினிலை கிளாலிக்கு. வள்ளக்காரன் பாத்திட்டு இது ஏறினா நாலு சனம் ஏறேலாது எண்டான். நாலு சனத்தின்ரை காசையும் குடுத்தன்."

மீதி லொறி இதே முற்றத்தில் நின்றது. இன்ஜின் கிளிநொச்சிப் பக்கம் ஒரு உறவினர் வயலில் தண்ணீர் இறைத்தது. ஒக்டோபர் 30இல் இராணுவம் மறுபடி நெருங்க, அளவெட்டியைச் சுற்றிய வலிகாமமே வெறுமையானது, வெளியேறிய கூட்டத்தில் அவரும் நடந்தார். 1996இல் ஊர் திரும்பியபோது லொறிக்குச் சக்கரங்கள் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை, சேஸிஸ் மட்டும் மண்ணில் குந்தியிருந்தது. இன்ஜின் ஒருவர் ஆட்சியில், சேஸிஸ் இன்னொருவர் ஆட்சியில். 2002 ஏப்ரலில் ஏ9 நெடுஞ்சாலை திறந்த பிறகுதான் இன்ஜினை எடுத்துவரப் போனார். வழியில் ஒரு பக்கத்துக்கு வரி, மறுபக்கத்தில் முகமாலைச் சோதனை. தனியாக ஒரு இன்ஜின் வருவதைப் பார்த்த சிப்பாய், லொறி எங்கே என்று கேட்டானாம். வீட்டில் நிற்கிறது என்று சிங்களத்தில் சொன்னாராம். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு பின்னேரம் முழுவதும் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தான்.

2006 ஆகஸ்டில் பாதை மறுபடி மூடியது. அதன் பிறகு யாழ்ப்பாணத்துக்குச் சரக்கெல்லாம் கப்பலில். சாரதி இங்கே குறுக்கிட்டார். அந்த வருடங்களில் அவர் மதவாச்சியில் நின்றிருக்கிறார். வடக்கே தரைவழியாகப் போகும் சரக்கை அங்கே இறக்கி, சோதித்து, வேறு லொறியில் ஏற்றுவார்கள். "தக்காளி எல்லாம் அழுகிப் போகும், ஐயா. இறக்கிற கூலி, ஏத்துற கூலி, ரெண்டும் நாங்கதான் குடுக்கிறது." இருவரும் கூலிக் கணக்கில் இறங்கிவிட்டார்கள். சண்டை போட்டவர்கள் இவர்கள்தானா என்றிருந்தது.

கிழவர்தான் பழைய இடத்துக்குத் திரும்பினார். இம்முறை தமிழில், என்னைப் பார்த்து: "றோட்டு இல்லாத காலத்திலை துண்டு துண்டாப் போச்சு. இப்ப றோட்டு திறந்து கிடக்கு. ஏன் தம்பி தூக்கிக்கொண்டு போகோணும்?"

என்னிடம் பதில் இல்லை. பாசம், பிடிவாதம் என்று நான் போட்ட கணக்கு சில்லறைத்தனமாக இருந்தது. ஏ9இல் இருந்த ஓமந்தைச் சோதனைச் சாவடியைக்கூட எடுத்தாயிற்று, இனியும் தன் வண்டி இன்னொன்றின் முதுகில் கண்காணிப்பில் போவானேன் என்று கேட்கிறவரிடம் பிரேக் டிரம்மைப் பற்றி என்ன பேசுவது? ஆனால் பிரேக்கும் உண்மையில் சரியில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் மிதித்துப் பார்த்தேன், தரை வரை போனது.

தீர்வைச் சொன்னது வீட்டம்மா. சமையலறை வாசலில் நின்றபடி, "வின்ச் போட்டு இழுக்காமல் நீங்களே மேலை ஏத்தி விடுங்கோவன், பிறகு சாப்பிடலாம்" என்றார். சாரதி உடனே தலையாட்டினார். அவர் கம்பியை எடுத்து வைத்திருந்ததுதான் கிழவரை அதிகம் எரிச்சலூட்டியது: "கொழுவி இழுக்கிறதுக்கு இது மாடோ?"

பக்கப் பலகைகளைக் கழற்றினார்கள், உயரம் குறைய. சரிவுப் பலகைகள் வைத்தாயிற்று. கிழவர் ஏறி உட்கார்ந்து, கிளச்சை மிதித்து, ஒரு முறை இருமவிட்டு இன்ஜினைக் கிளப்பினார். வயலில் தண்ணீர் இறைத்த இன்ஜின். கரும்புகை மாமரத்துக்குள் புகுந்தது. முதல் கியர். சாரதி முன்னால் நின்று இரு கையாலும் "வாங்க, வாங்க, ஹரி, ஹரி" என்றார். நடுவில் பின்சக்கரம் சற்று வழுக்கியது, உதவியாள் கட்டையைப் போட்டார். மேலே போய் நின்றதும் கிழவர் இறங்கவில்லை. சங்கிலியை எங்கே மாட்டுகிறார்கள் என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சேஸிஸில் மாட்டினால் வில்லுப்பட்டை குலுங்கும்போதெல்லாம் சங்கிலி தளரும், அச்சில்தான் மாட்ட வேண்டும். சாரதி அச்சில்தான் மாட்டினார். கிழவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம்.

கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, செத்தல் மிளகாய்ச் சம்பல். சாரதி சம்பலை மூன்றாம் முறை கேட்டு வாங்கினார். நான் முதல் வாயிலேயே தண்ணீரைத் தேடினேன்.

ஒழுங்கையை விட்டு வெளியேறுவதுதான் பெரும்பாடு. மின்கம்பி தாழ்ந்து கிடந்தது. மாங்காய் பறிக்கும் கொக்கத்தடியின் நுனியில் காய்ந்த துணி சுற்றி, ஒரு பையன் கம்பியை உயர்த்திப் பிடிக்க, அடியில் லொறிமேல் லொறி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. ஊரே வேலியோரம் நின்றது. சுன்னாகம், யாழ்ப்பாணம், பிறகு ஏ9இல் நாவற்குழிப் பாலம் என்று சாரதி வழி சொன்னார்.

பிரதான வீதி வரைக்கும் கூடவே நடந்து வந்த கிழவர், அது போய் முடிந்ததும் என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"உங்கட நாமக்கல்லிலை பழைய லொறி என்ன விலை போகும்?"

அங்கே 15 வருடம் தாண்டிய லாரி தகுதிச் சோதனையில் தேறாவிட்டால் உடைத்து இரும்பாகப் போட வேண்டியதுதான், கிலோ கணக்கு என்றேன்.

"பதினைஞ்சா? அது இஞ்சை ஓட்டம் பழகிற வயசு." 2020இல் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல்தான் முழுதாகத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் தகரத்துக்கும் விலை ஏறியிருக்கிறது. அவர் விரல்விட்டு ஏதோ எண்ணினார். பெட்ஃபோட்டை விற்ற காசில் ஓர் இரண்டாம் கை எல்ஃப் லொறி எடுக்கலாமா, சுன்னாகத்துக்கு வாழைக்குலை ஏற்றக் காணுமா, அதற்கு நாமக்கல்லில் செய்வதுபோல் பெட்டி கட்ட இங்கே யாருக்காவது தெரியுமா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே வீட்டுப் பக்கம் நடந்தார். தேக்கா வேம்பா என்பதில் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. வேம்புதான் என்று நான் சொன்னதற்கு, "உங்களுக்கு மரம் தெரியாது தம்பி" என்றார்.