அம்மாவின் கூறைப்புடவை

ஜனவரி 5, 2025, ஞாயிறு
கும்பகோணம்

போகிக்கு முன் வீட்டை ஒழிக்க ஆரம்பித்து, பரணில் இருந்த அம்மாவின் டிரங்குப் பெட்டியை இறக்கினேன். மேலாக இருந்தது அவள் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரத்தில் எடுத்த அரக்குக் கூறைப்புடவை. பிரித்ததும் கை நடுங்கிவிட்டது. முந்தானையில் மிளகு அளவில் ஏழு ஓட்டைகள். பட்டு போன இடத்தில் ஜரிகை இழை மட்டும் தொங்குகிறது. மடிப்புக்குள் ரவை போலத் துகள்கள், மெல்லிய நூலாம்படை.

அதன் கீழே அப்பாவின் கம்பளிச் சால்வை. அதில் அரிசி நீளத்தில் ஒரு சாம்பல் நிறக் குழாய். தொட்டதும் உள்ளிருந்து ஒரு புழு தலையை நீட்டியது.

அத்தைக்குப் போன் செய்தேன். “அந்துப்பூச்சிடி. கட்டிட்டு அலசாம மடிச்சு வச்சியா?” என்று முதல் கேள்வியே கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

ஜனவரி 6, திங்கள்

காலை வெளிச்சத்தில் புடவையைக் கட்டிலில் விரித்துப் பார்த்தேன். ஏழு ஓட்டைகளில் ஐந்து ஒரே இடத்தில், ஒரு மங்கலான கறைக்குள் இருக்கின்றன. 2023 ஆவணியில் தம்பி மகள் கல்யாணத்துக்கு இதைக் கட்டினேன். பந்தியில் பாயசம் சிந்தியது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, இரவே மடித்துப் பெட்டியில் வைத்தேன். மற்ற இரண்டும் கழுத்து வியர்வை படும் மடிப்பில்.

துணியைத் தின்பது பறக்கும் பூச்சி அல்ல. அதற்குத் தின்ன வாயே கிடையாது. அது வெளிச்சத்துக்கு வராது. இருட்டான மடிப்பில் முட்டையிட்டுச் செத்துவிடும். தின்பதெல்லாம் முட்டையிலிருந்து வரும் புழுதான். பட்டும் கம்பளியும் உயிரினத்திலிருந்து வந்த புரதம் என்பதால் அவை அதற்குத் தீனி. ஆனால் சுத்தமான இழையை மட்டும் தின்று அது நன்றாக வளர்வதில்லை. வியர்வை, தலை எண்ணெய், சிந்திய சாப்பாடு இவையும் வேண்டும். அதை நான்தான் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 8, புதன்

புடவையை டிரை கிளீனிங்குக்குக் கொடுத்தேன். அதில் முட்டையும் புழுவும் செத்துவிடும். கறை இருக்கும் இடத்தைக் காட்டி, பாயசம் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

சால்வையை உதறி, பிளாஸ்டிக் உறையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, ஃப்ரீசரில் வைத்தேன். மைனஸ் 18 டிகிரியில் முழுதாக இரண்டு வாரம் இருக்க வேண்டும். ஓரிரு நாள் குளிரில் முட்டைகள் பிழைத்துக்கொள்ளும்.

பெட்டியின் மூலைகளைப் பிரஷால் தேய்த்து வெயிலில் கவிழ்த்தேன். அடியில் விரித்திருந்த பழைய நாளிதழைத் தூக்கியதும் இரண்டு இராமபாணம் ஓடின. இது வேறு கதை. இராமபாணத்துக்குக் காகிதமும் கஞ்சியும் போதும். அப்பாவின் கஞ்சி போட்ட வேட்டி அங்கங்கே சுரண்டினாற்போல நைந்திருந்ததற்குக் காரணம் இதுதான். எடுத்து வைக்கும் வேட்டிக்குக் கஞ்சி கூடாது.

ஜனவரி 11, சனி

தம்பி மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். தூளி கட்ட அம்மாவின் பழைய நூல்புடவை வேண்டும் என்று ஆசையோடு கேட்டிருந்தாள். எடுத்து வைத்தேன், அந்துருண்டை வாசனை குப்பென்று அடித்தது. போனில் சொன்னதும், “அத்தை, அது வேண்டாம்” என்றாள். அவள் மருத்துவர் முன்பே எச்சரித்திருக்கிறார்.

அந்துருண்டை நாஃப்தலீன். மெல்ல மெல்ல ஆவியாகித் துணியில் தங்குகிறது. ஜி-சிக்ஸ்-பி-டி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைக்கு அந்த ஆவி பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். மஞ்சள் காமாலை ஆபத்தான அளவுக்கு ஏறலாம். பிறந்த குழந்தையைப் பார்த்து அந்தக் குறை உண்டா இல்லையா என்று நாம் சொல்ல முடியாது.

சுத்தமான பருத்தியை அந்துப்பூச்சி நாடுவதில்லை. அந்தப் புடவைக்கு உருண்டையே தேவைப்பட்டிருக்காது. கொள்ளுப்பாட்டியின் புடவையில் குழந்தை தூங்க வேண்டியது, ஒரு பழக்கத்தால் போயிற்று.

ஜனவரி 13, திங்கள், போகி

அத்தை வந்திருந்தாள். வசம்பு, நிழலில் உலர்த்திய வேப்பிலை, நொச்சி மூன்றையும் துணியில் முடிச்சுப் போட்டோம். “வாசம் போனா முடிச்ச மாத்தணும். இது பூச்சிய அண்ட விடாது, உள்ள இருக்கிற புழுவக் கொல்லாது. சுத்தம் பண்ணினப்புறம்தான் இது” என்றாள்.

மற்ற பட்டுகளை நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பை மாற்றி மடித்து, கஞ்சி போகத் துவைத்த வேட்டித் துணியில் சுற்றினோம். அவற்றின் பிளாஸ்டிக் உறைகளை எறிந்துவிட்டோம். ஈரம் உள்ளேயே நின்று ஜரிகை கறுத்துவிடும். யாராவது அந்துருண்டைதான் வைப்பேன் என்றால், இறுக மூடிய பெட்டியில், ஜரிகையில் படாமல் வைக்க வேண்டும். கற்பூரத்தோடு சேர்க்கவே கூடாது. இரண்டும் சேர்ந்து உருகித் துணியில் கறையாகும்.

ஜனவரி 22, புதன்

சால்வையை எடுத்தேன். அறைச் சூட்டுக்கு வரும்வரை உறையைப் பிரிக்கவில்லை. பிரித்தால் துணியில் நீர் கோத்துவிடும். பிறகு பிரஷால் தட்டினேன், குழாய்க்கூடுகள் உதிர்ந்தன. எதிலும் அசைவில்லை.

கூறைப்புடவை டார்னிங் போட்டு வந்தது. ஐந்து ஓட்டைகள் தெரியவில்லை. இரண்டு தெரிகின்றன, தெரியட்டும்.

பெட்டி மூடியின் உட்புறம் ஒரு தாள் ஒட்டினேன்: தை, சித்திரை, ஆடி, புரட்டாசி நான்கிலும் திறந்து பார்க்க வேண்டும். விசேஷத்துக்குக் கட்டியதைக் கறையோடும் வியர்வையோடும் உள்ளே வைக்கக் கூடாது. அம்மா இந்தப் புடவையை வருஷம் இரண்டு முறை கட்டுவாள், காற்றாட விடுவாள். அவள் கையில் இருந்தவரை இதில் ஒரு ஓட்டை விழவில்லை.