லைட் எரியுதா?

ஆரல்வாய்மொழியில் லேப்டாப் சர்வீஸ் கடை போட்டவனுக்குப் பாதி வேலையைக் காற்றே கொண்டுவந்து தந்துவிடும். தென்மேற்குப் பருவத்தில் கணவாய்க்குள் புகுந்து அடிக்கத் தொடங்கினால் புரட்டாசி வரை லேசில் ஓயாது. முப்பந்தலில் காற்றாலைகள் சுற்றுவதும் அந்தக் காற்றால்தான். செங்கல் சூளைப் பொடியும் ரோட்டு மண்ணும் லேப்டாப்புக்குள் போய் அடைவதும் அந்தக் காற்றால்தான். ஃபேன் சூட்டை வெளியே தள்ளுகிற தகட்டு இடுக்கில் தூசி திரண்டுவிட்டால் பிராசஸர் வெந்துபோகாமல் இருக்க மெஷின் தானே அணைந்துகொள்ளும். “பரீட்சைக்குப் படிச்சிட்டு இருக்கும்போ செத்துப்போச்சு அண்ணாச்சி” என்று கொண்டுவருவார்கள். கடைக்கு வந்து சேர்வதற்குள் அது ஆறியிருக்கும். சுவிட்சைத் தொட்டதும் எழுந்துகொள்ளும். கொண்டுவந்த பையன் வெட்கப்பட்டு நிற்பான்.

ஐப்பசி, கார்த்திகையில் காரணம் மாறும். இடி, மின்னல், போய்ப் போய் வருகிற கரண்ட், எர்த் இல்லாத பழைய வீட்டு பிளக்.

ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்னால் நான் கேட்பது, நேற்று ராத்திரி என்ன நடந்தது என்பதைத்தான். பதில் ஒரே மாதிரி வரும்: “ஒண்ணும் நடக்கல, சும்மாதான் வச்சிருந்தேன்.” கூட வந்த அம்மா பொறுக்கமாட்டாமல், “சாயா கொட்டுனத சொல்லு பிள்ளே” என்பார். “எம்மா, நீ சும்மா இரி” என்று மகள் முறைப்பாள். கீபோர்டைத் தூக்கினால் சீனிப் பாகும் எறும்பும் கிடக்கும். மெஷின் பொய் சொல்லாது. ஆட்கள்தான் சொல்வார்கள், அதுவும் வாரண்டி பயத்தில்.

“ஆன் ஆகல” என்று வருகிறவற்றை முதலில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். லைட் எரிந்து, ஃபேன் சுற்றி, திரை மட்டும் கறுப்பாக இருந்தால் ஒரு வழி. லைட்டே இல்லை என்றால் வேறு வழி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்தான் நல்ல திரையைக் கழற்றிப் போட்டுப் புதுத் திரைக்குக் காசு வாங்குவார்.

திரை கறுப்பாக இருந்தால் கேப்ஸ் லாக்கை அமுக்கிப் பாருங்கள். அதன் விளக்கு அணைந்து எரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்தால் மங்கலாகப் படம் தெரியும் சில நேரம். அப்படியானால் போனது பேக்லைட் மட்டும். ஹெச்.டி.எம்.ஐ. ஒயரில் வீட்டு டிவியை மாட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. கேப்ஸ் லாக் ஒரு கணக்கில் விட்டுவிட்டு மின்னினாலோ பீப் சத்தம் வந்தாலோ அதை எண்ணிக் குறித்துவையுங்கள். எந்த உறுப்பு பதில் சொல்லவில்லை என்பதை மெஷின் அப்படித்தான் தெரிவிக்கிறது. பல நேரம் அது ரேமாக இருக்கும். கழற்றி, அதன் தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, பொடியைத் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டினால் படம் வந்துவிடும்.

லைட்டே இல்லாத மெஷின்தான் எனக்குப் பிடித்தது. முதலில் மல்டிமீட்டரைச் சார்ஜர் முனையில் வைப்பேன். பெரும்பாலும் 19 அல்லது 19.5 வோல்ட் காட்ட வேண்டும். காட்டிவிட்டதால் மட்டும் சார்ஜர் நல்லது என்று சொல்லிவிட முடியாது; சும்மா இருக்கும்போது 19 காட்டி, லோடு ஏறியதும் படுத்துவிடுகிற சார்ஜர்கள் உண்டு. அடுத்து பேட்டரியையும் சார்ஜரையும் கழற்றிவிட்டுப் பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடிப்பேன். போர்டில் தேங்கிய மின்சாரம் வடிந்து, ஆன் ஆஃபைக் கவனிக்கிற சின்ன சிப் புதிதாகத் தொடங்கும். இதை நீங்களே வீட்டில் செய்யலாம்.

அதற்கும் மசியாவிட்டால் டி.சி. பவர் சப்ளையில் மாட்டி ஆம்பியர் முள்ளைப் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலின் ருசி இங்கேதான். முள் அசையவே இல்லையென்றால் கரண்ட் உள்ளே நுழையவில்லை. ஜாக்கையும் வாசலில் சுவிட்ச் போல நிற்கும் மாஸ்ஃபெட்டையும் பார்க்கலாம். மாட்டியதுமே முள் எகிறினால் எங்கோ ஷார்ட். பட்டனைத் தொட்டதும் கொஞ்சம் ஏறி விழுந்தால் புறப்பட்டு நடுவழியில் நிற்கிறது. ஷார்ட் என்றால், ஷார்ட் ஆன லைனில் ஒரு வோல்ட் அளவு மட்டும் கொடுத்து, போர்டின்மேல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தடவுவேன். எந்த இடம் முதலில் காய்கிறதோ அங்கேதான் சூடு. அங்கே பெரும்பாலும் அரிசி நொய்யைவிடச் சிறிய ஒரு செராமிக் கெப்பாசிட்டர் இருக்கும். அது போல இன்னும் பல அதே லைனில் இணையாக நிற்பதால், கெட்டதை எடுத்துப் போட்டாலே போர்டு எழுந்துவிடுவதும் உண்டு.

மெஷினைத் தொடங்கிவைக்கிற பயாஸ் சிப்பில் எழுதியது கலைந்துபோனாலும் இதே சாயலில் படுத்துக்கிடக்கும். எட்டுக் கால் சிப்தான், புரோகிராமரில் வைத்துத் திரும்ப எழுதலாம். ஆனால் சில சிப்புகள் 1.8 வோல்ட்டில் ஓடுபவை. 3.3 கொடுத்தால் அதுவும் போகும். நம்பரைப் படிக்காமல் கிளிப்பை மாட்டக் கூடாது.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டம்தான் எங்களைப் போன்ற சின்ன ஊர்க் கடைகளுக்கு வாழ்வு தந்தது. விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்த்துப் போட்டு வந்த அந்த மெஷின்கள் இன்றும் வருகின்றன. அவற்றைச் சரிசெய்யும் செலவு மெஷினின் இன்றைய விலையைத் தாண்டிவிடும் என்று சொன்னால், “உள்ளே கல்யாணப் போட்டோ கிடக்கு” என்பார்கள். ஆகவே இப்போது ரிப்பேருக்கு முன்பே உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுவிடுகிறேன். வேண்டியது போட்டோதான் என்றால் டிஸ்க்கைக் கழற்றிப் பிரதி எடுத்தால் போதும். புது விண்டோஸ் மெஷின்களில் அது அவ்வளவு லேசு இல்லை. டிஸ்க் பல நேரம் பூட்டியிருக்கும், போர்டை மாற்றினாலோ பயாஸைத் திருப்பி எழுதினாலோ 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே இருக்கும். மெஷின் நன்றாக ஓடும்போதே பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள்.

கூலி விஷயம் தர்மசங்கடமானது. போர்டு மாற்றினால் யாரும் பேசாமல் ரூபாயை எண்ணித் தருவார்கள். ரப்பரால் தேய்த்ததற்குக் கேட்டால், “இதுக்கா ரூவா?” என்பார்கள். அதனால்தான் தேய்த்து மாட்டிவிட்டுப் பெரிய வேலை பார்த்ததாகச் சொல்கிற பழக்கம் எங்கள் தொழிலில் வேர்விட்டது. பழியில் பாதி வாடிக்கையாளருக்கும் உண்டு. நான் திறப்பதற்கு முன்பே செக்கிங் சார்ஜ் இவ்வளவு என்று சொல்லிவிடுவேன். கழற்றிய உறுப்பைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவேன். ஐந்து நிமிடத்தில் “போர்டு போச்சு” என்கிறவர் ஆம்பியர் முள்ளைப் பார்த்திருக்க மாட்டார். அவரிடமிருந்து மெஷினைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏதாவது கொட்டிவிட்டால் உடனே சார்ஜரைப் பிடுங்குங்கள், பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணையுங்கள், கவிழ்த்து வையுங்கள். காய்ந்துவிட்டதா என்று ஆன் செய்து பார்க்க வேண்டாம். மிச்ச ஈரத்தில் கரண்ட் பாயும்போதுதான் செம்புத் தடங்கள் அரித்துப்போகின்றன. அரிசி டப்பாவுக்குள் புதைத்தால் போர்டில் ஒட்டிய சீனி போகாது. அன்றைக்கே கடைக்குக் கொண்டுவாருங்கள். வெறும் தண்ணீரா, உப்புத் தண்ணீரா, சாயாவா என்பதைப் பொறுத்துக் கழுவும் முறை மாறும் என்பதால் கொட்டியது எது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.