238-ஆம் எக்ஸிட்டில் வாங்கிய பாட்டு

ஜானி கேஷின் சிறைப் பாட்டை நான் முதன்முதலில் கேட்டது டியர்க்ஸ் பென்ட்லியின் குரலில். பாஞ்சோ ஒன்று, கல்யாண வீட்டில் பெரியவர்கள் கால்களுக்கிடையே ஓடித் திரியும் குழந்தை மாதிரி, பாட்டு முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக ஓடியது. 'ஃபோல்சம் பிரிசன் புளூஸ்' என்றால் இதுதான் என்று மூன்று வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் 1955-ல் கேஷே பாடிய பதிவைக் கேட்க நேர்ந்தது. எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: யாரோ ஒருத்தர் நல்ல பாட்டை மெதுவாக்கிக் கெடுத்து வைத்திருக்கிறார்.

இதை இந்த ஊர்க்காரர்கள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நாஷ்வில்லிலிருந்து முப்பது மைல் தள்ளி இருந்துகொண்டு ஜானி கேஷைக் குறை சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் 2011 பிப்ரவரியில் டென்னஸி வந்தோம். வீடு லெபனான் என்ற ஊரில். அம்மாவிடம் போனில் ஊர்ப் பெயரைச் சொன்னதும் மறுமுனையில் சத்தமே இல்லை. "லெபனானா? அங்க குண்டு போடறாங்களேடி?" என்றாள் கடைசியில். பைபிளில் வரும் தேவதாரு மரங்களை நினைத்து வைத்த பெயர், இங்கே பெரிய பயம் டொர்னாடோ மட்டும்தான் என்று புரியவைக்க ஒரு வாரம் ஆனது. உள்ளூர்க்காரர்களோ நடு எழுத்தை முழுங்கிவிட்டு 'லெப்னன்' என்பார்கள். நான் முழுப் பெயரைச் சொன்னால் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பார்கள். பெயரை விழுங்கிச் சொன்னாலும் கேட்பார்கள்.

எனக்கு எச்-4 விசா. கணவர் வேலைக்குப் போவார். அன்றைய விதிப்படி மனைவி வேலைக்குப் போகக்கூடாது. கார் ஓட்டவும் தெரியாது. சனிக்கிழமை காலை இவர் என்னைக் கூட்டிக்கொண்டு போகும் இடம், ஐ-40 நெடுஞ்சாலையின் 238-ஆம் எக்ஸிட் பக்கத்தில் இருந்த கிராக்கர் பேரல் உணவகம். அந்த நிறுவனம் பிறந்ததே இந்த ஊரில்தான். ஷெல் பெட்ரோல் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்த டான் எவின்ஸ் என்பவர் 1969-ல் இங்கே ஆரம்பித்தார். நெடுஞ்சாலையில் போகிறவன் பெட்ரோல் போட நிறுத்தினால் சாப்பிடவும் நிறுத்துவான் என்ற கணக்கு. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அறுநூறுக்கு மேல் கிளைகள்.

போனவர்களுக்குத் தெரியும். வாசல் திண்ணையில் ஆடும் நாற்காலிகள் வரிசையாக. உள்ளே நுழைந்தால் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் முன் ஒரு கடையைக் கடந்தாக வேண்டும்: மெழுகுவர்த்தி, பழைய பாணி மிட்டாய், குழந்தைச் சட்டை. கூடத்தின் சுவரெல்லாம் துருப்பிடித்த அரிவாள், பால்கேன், யாரோ ஒரு குடும்பத்தின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம். அவை நிஜமான பழம்பொருட்கள்தான். ஆனால் அந்தச் சுவருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை. எங்கெங்கோ ஏலத்திலும் வீடு காலி செய்யும்போதும் வாங்கி, லெபனானில் ஒரு பெரிய கிடங்கில் சேர்த்துவைத்து, புதுக் கிளை திறக்கும்போது அனுப்புகிறார்கள். முதல் நாள் நான் அந்தப் படத்தில் இருந்த கிழவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கும்பகோணம் வீட்டை விற்றபோது பாட்டியின் படத்தை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று யோசனை போனது.

மேஜைமேல் முக்கோண மரக்கட்டை ஒன்று இருக்கும். பதினைந்து ஓட்டை, பதினான்கு குச்சி. ஒன்றைத் தாண்டி ஒன்றாக எடுத்துக்கொண்டே வந்து கடைசியில் ஒரே குச்சி மிஞ்சினால் நீ மேதை. நாலு மிஞ்சினால் மடையன் என்று கட்டையிலேயே எழுதியிருக்கும். நான் பல மாதம் மடச்சியாகவே இருந்தேன். சைவம் என்பதால் என் தட்டு எப்போதும் ஒன்றுதான்: பொரித்த வெண்டைக்காய், கிரிட்ஸ், பிஸ்கட். கிரிட்ஸ் என்பது வெள்ளை மக்காச்சோள ரவைக் கஞ்சி. மோர் மிளகாய் இருந்தால் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிடலாம்.

அந்தக் கடைப்பகுதியில், கல்லாவுக்குப் பக்கத்தில், சி.டி. அடுக்கு ஒன்று இருந்தது. அங்கேதான் கிராஸ்கல்ஸ் குழுவின் தட்டை வாங்கினேன். அப்போதுதான் வந்திருந்தது. புகழ்பெற்ற கன்ட்ரி பாட்டுகளை எடுத்து, புளூகிராஸ் பாணியில் புதிதாகப் பாடிப் பதிந்தது. டாலி பார்ட்டன், பிராட் பெய்ஸ்லி, சார்லி டேனியல்ஸ் என்று பெரிய பெரிய ஆட்கள் விருந்தாளிகள்; டியர்க்ஸ் பென்ட்லியின் சிறைப் பாட்டு இதில்தான் இருந்தது. வேறு எந்தக் கடையிலும் கிடைக்காது, இங்கே மட்டும்தான் என்று அட்டையில் ஒட்டியிருந்தார்கள். பன்னிரண்டு டாலருக்குச் சில காசு குறைவு. இவர் என்னைப் பார்த்தார், "எதுக்கு?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் கிடையாது. இங்கே மட்டும்தான் என்ற சொல்லில் மயங்கினேன் என்று வேண்டுமானால் சொல்லலாம். புது ஊரில் எல்லாமே எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தது. இது மட்டும் அப்போதுதான் வந்திருந்தது, என்னை மாதிரி.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் பிறகுதான் புரிந்தது. அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பாட்டுக்கு இரண்டு சொத்துரிமை. எழுதி மெட்டுப் போட்டது ஒன்று. பாடிப் பதிந்த ஒலி இன்னொன்று. பழைய பதிவு பெரும்பாலும் ரெக்கார்டு கம்பெனியின் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். ஆனால் ஒருமுறை வெளியான பாட்டை யார் வேண்டுமானாலும் புதிதாகப் பாடிப் பதியலாம். அனுமதி மறுக்க முடியாது. சட்டம் வைத்த விலையைக் கட்டினால் போதும். அந்த வருஷங்களில் ஐந்து நிமிஷத்துக்கு உட்பட்ட பாட்டுக்கு, ஒரு பிரதிக்கு 9.1 சென்ட். பன்னிரண்டு பாட்டு என்றால் ஒரு டாலர் ஒன்பது காசு. மெட்டின் அடிப்படையை மாற்றக்கூடாது, ஆனால் பாடுகிறவர் பாணிக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். மின்சாரத்தைக் கழற்றிவிட்டு பாஞ்சோவைப் பூட்டுவதற்கு அது போதும்.

கடைக்காரருக்கு என்ன லாபம்? பக்கத்துக் கடையில் இரண்டு டாலர் குறைவு என்று யாரும் சொல்ல முடியாத சரக்கு கையில் இருக்கிறது. 2007-ல் ஈகிள்ஸ் தங்கள் புதிய ஆல்பத்தை அமெரிக்கக் கடைகளில் வால்மார்ட்டுக்கு மட்டும் கொடுத்தபோது முதல் வாரத்திலேயே ஏழு லட்சத்துக்கு மேல் விற்றது. ஒரே கடையில் விற்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்றிருந்த பில்போர்டு பத்திரிகை அந்த வாரம் தன் விதியையே மாற்றிக்கொண்டது. கிராக்கர் பேரலின் அளவு சின்னது, ஆனால் ஆள் தேர்வு கச்சிதம். நெடுந்தூரம் கார் ஓட்டுகிறவர்கள், வயதானவர்கள், இன்னும் சி.டி. வாங்கும் பழக்கம் விடாதவர்கள்.

இதற்கு முந்தைய வருஷத்துத் தட்டு ஒன்றும் அதே அடுக்கில் இருந்தது. அடுத்த சனிக்கிழமை அதையும் வாங்கினேன். ஜேமி டெய்லி, டாரின் வின்சென்ட் என்ற புளூகிராஸ் ஜோடி, ஸ்டாட்லர் பிரதர்ஸ் பாட்டுகளைப் பாடியது. அதில் 'எலிசபெத்' என்ற பாட்டு கிராமி பரிந்துரை வரை போனது. ஹோட்டலில் மிட்டாயோடு சேர்த்து விற்ற பாட்டு! இந்த ஸ்டாட்லர் சகோதரர்கள் கதையும் ரசமானது. நால்வரில் இருவர்தான் சகோதரர்கள். ஒருவர் பெயரும் ஸ்டாட்லர் கிடையாது. ஹோட்டல் அறையில் இருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியின் பிராண்டு பெயர் அது. அதையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் தோண்டத் தோண்ட எனக்கு ஒரு விதமான தைரியம் வந்தது. நான் நுழையப் பயந்த 'பழமை' இவர்கள் யாருக்குமே பிறவியிலேயே கிடைத்ததில்லை. புளூகிராஸ் என்றால் மலைக்காட்டில் ஆதிகாலத்திலிருந்து முளைத்துக் கிடப்பது என்ற தோற்றம் இருக்கிறதே, அது என் மாமியாரைவிட இளையது. கென்டக்கியின் ரோசின் ஊரில் பிறந்த பில் மன்றோவின் குழுவில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல் பாஞ்சோவோடு வந்து சேர்ந்தது 1945 டிசம்பரில். வானொலியும் ஒலிவாங்கியும் இருந்ததால்தான் அந்த இசைக்கு அந்த உருவம். ஒரே மைக்கைச் சுற்றி நின்று, தனி வாசிக்கிறவர் முன்னே வர, மற்றவர் ஒதுங்க. மன்றோவின் 'புளூ மூன் ஆஃப் கென்டக்கி'யை 1954-ல் எல்விஸ் பிரெஸ்லி தாளம் மாற்றித் துள்ளலாகப் பாடினார். அதைக் கேட்ட மன்றோ என்ன செய்தார்? கோபித்துக்கொள்ளவில்லை. அதே வருஷம் தன் பாட்டைத் தானே மறுபடி பதிந்தார். முதல் பாதி தன்னுடைய பழைய மூன்று தட்டு நடையில், பின் பாதி எல்விஸின் நடையில். எது அசல்?

பாஞ்சோவும் இங்கே பிறந்ததில்லை. சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திய அதன் முன்னோர், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் நினைவில் கடல் கடந்தது. என் தட்டில் இருக்கும் வெண்டைக்காயும் அதே கப்பல்களில்தான் வந்தது. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. கறுப்பு வாடிக்கையாளர்களைத் தனியாக உட்கார வைத்தது, பிந்திப் பரிமாறியது என்ற புகார்களின் பேரில் 2004-ல் அமெரிக்க நீதித் துறையோடு இந்த நிறுவனம் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. படித்தபோது வெண்டைக்காய் தொண்டையில் நின்றது. என்னை யாரும் அங்கே ஒரு நாளும் அப்படி நடத்தியதில்லை. ஆனால் சுவரில் மாட்டிய பழைய காலம் யாருடைய பழைய காலம் என்று அதற்குப் பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை.

அந்த இரண்டு தட்டுகளோடுதான் கார் ஓட்டக் கற்றேன். 2003 மாடல் கொரோலா, சி.டி. போட்டால் திருப்பித் தர யோசிக்கும். பக் ஓவன்ஸின் புலிப் பாட்டு முடிவதற்குள் பலசரக்குக் கடை. சார்லி டேனியல்ஸின் சாத்தான் ஃபிடில் போட்டியில் தோற்பதற்குள் நூலகம். அந்த வருஷக் கடைசியில் மகள் பிறந்தாள். அவள் தாலாட்டுக்குத் தூங்கவில்லை. காரில் வைத்து இதைப் போட்டால் இரண்டாவது திருப்பத்தில் தூங்கிவிடுவாள். சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஃபிடில் என்ற சொல் எனக்கு இங்கே வந்துதான் அறிமுகமானது என்று பக்கத்து வீட்டு அம்மாள் நினைத்தார். தாத்தா வயலினை ஒருநாளும் வயலின் என்றதில்லை; பிடில்தான். பிடில் கிருஷ்ணய்யர் என்றே பெயர் பெற்ற வித்வான் இருந்தார். நம்மிடமும் அது வந்த சரக்குதான். ஜார்ஜ் கோட்டைப் பக்கம் வெள்ளைக்காரர்களின் பேண்டைக் கேட்ட தீட்சிதர் குடும்பத்தில் பாலுஸ்வாமி அந்த வாத்தியத்தைக் கற்றார். முத்துஸ்வாமி தீட்சிதர் அந்த பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதி நொட்டுஸ்வரம் ஆக்கினார். அவற்றில் சில அயர்லாந்து, ஸ்காட்லாந்து நடன மெட்டுகள். அந்த மக்களில் ஒரு கூட்டம் அப்பலாச்சிய மலைக்கு வந்து விட்டுப்போனதுதான் இங்கே ஃபிடில் வாசிப்பின் ஒரு வேர். நாஷ்வில் கணேசர் கோயிலில் நவராத்திரிக்குக் குழந்தைகள் நொட்டுஸ்வரம் பாடும்போதெல்லாம் எனக்கு வெளியே ஐ-40 பக்கம் காது போகும்.

போன வருஷம், 2025 ஆகஸ்டில், கிராக்கர் பேரல் தன் சின்னத்திலிருந்து பீப்பாய் மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் கிழவர் படத்தை எடுத்தது. நாடே இரண்டாகிச் சண்டை போட்டது. அதிபர் வரை கருத்துச் சொன்னார். ஒரு வாரத்துக்குள் கிழவர் திரும்பி வந்தார். என்றென்றைக்குமான அந்தக் கிழவர் சின்னத்தில் ஏறியதே 1977-ல்தான் என்பதை அந்தச் சண்டையில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. எனக்கும் கிழவர் போனதில் வருத்தம் இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மகளுக்கு இப்போது பதினான்கு வயது. பள்ளியில் வயலின், வீட்டில் ஃபிடில். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாஷ்வில் ஸ்டேஷன் இன்னுக்குக் கூட்டிப்போனோம். 1974-லிருந்து நடக்கும் புளூகிராஸ் கூடம்; ஞாயிறு இரவுகளில் வாத்தியத்தோடு வருகிறவர்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கலாம். எழுபது தாண்டிய ஒருவர் கிட்டாரோடு இவள் பக்கம் இருந்தார். கேஷின் சிறைப் பாட்டை எடுக்கலாமா என்று கேட்டார். இவள் முகம் மலர்ந்தது. அவர் தொடங்குவதற்குள் இவள் வில் பாய்ந்துவிட்டது, கொரோலாவின் வேகத்தில்.

அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அவ்வளவு அவசரம் வேண்டாம், ரயில் இன்னும் வளைவுக்கே வரவில்லை என்றார். இவள் தலையாட்டினாள். இரண்டாம் முறை முதல் வரி வரை பொறுத்தாள். மூன்றாம் வரியில் மறுபடி முந்திக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் காபிக் கோப்பையைப் பார்த்தேன். கடைசியில் அவரே தன் கையை இவள் வேகத்துக்கு ஏற்றிக்கொண்டார். பேஸ் வாசித்த பெண் அவர்களைத் துரத்திக்கொண்டு வந்தாள்.

திரும்பி வரும்போது ஐ-40-ல் இவள் பின் சீட்டில் உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். புதுக் காரில் சி.டி. போட இடமே கிடையாது. "அம்மா, அந்தத் தாத்தா அதை எங்க கத்துக்கிட்டாரோ, ரொம்ப ஸ்லோ" என்றாள். 238-ஆம் எக்ஸிட் பலகை வந்ததும் இவர் வலப்பக்கம் விளக்கைப் போட்டார்.